சத்திரத்து மணி

இராமநாதபுரத்தில் ஏறி ராமேஸ்வரம் போகும் பேருந்தில் உச்சிப்புளி சீக்கிரமே வந்துவிடும். வந்த வேகத்தில் போயும் விடும். ஒரு ரயில் நிலையம், சில கடைகள், கடற்படையின் 'பருந்து' விமானத்தளம். மற்றபடி பனையும் உடைமரமும் மணலும்தான். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டு கடலும் நெருக்கிப் பிடித்த நிலம். இரவு தங்க இடம் உண்டா என்று டீக்கடையில் கேட்டால், "இங்க யாருண்ணே தங்குறா? எல்லாரும் ராமேஸ்வரம் போயிருவாக" என்பார்கள். சரியான பதில்தான். ஒரு மணி நேரத்தில் பாம்பன் பாலத்தைத் தொட்டுவிடுகிறவன் நடுவழியில் எதற்குத் தங்கவேண்டும்?

இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் யாரும் அப்படிக் கேட்டிருக்க முடியாது. மதுரை வழியாக வந்தாலும், தஞ்சாவூர்க் கடற்கரை ஓரமாகவே நடந்து வந்தாலும், சேது என்னும் ராமேஸ்வரத்துக்குப் போகிறவன் இந்த ஒடுங்கிய நிலத்தைக் கால்நடையாகக் கடந்தே ஆகவேண்டும். காசியிலிருந்து கங்கை நீரைச் சுமந்து வருகிறவன், இங்கிருந்து சேது மணலை எடுத்துக்கொண்டு பிரயாகைக்குத் திரும்புகிறவன், இருவருக்கும் இதே வழிதான். மாதக்கணக்கில் நடந்து வந்தவனுக்குக் கடைசி இரண்டு மூன்று நாள் நடைதான் மிகக் கொடியது. கண்ணுக்கெட்டிய தூரம் வயல் கிடையாது. பிச்சை கேட்கக்கூட ஊர்கள் தள்ளித் தள்ளித்தான் இருக்கும். கடற்கரை மணலில் கையளவு தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். எவ்வளவு தோண்டலாம் என்பது உள்ளூர்க்காரனுக்குத் தெரியும், வழிப்போக்கனுக்குத் தெரியாது. போதாக்குறைக்கு வழிப்பறி வேறு. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர், சடைக்கத் தேவரை இந்தச் சீமையை ஆளும் சேதுபதியாக ஏற்றுக்கொண்டபோது, இந்தப் பாதையில் யாத்திரிகர்களைக் காப்பதுதான் அவருடைய முதல் வேலையாக இருந்தது. இந்தச் சீமையின் அரசு பிறந்ததே வழிப்போக்கனைக் காக்கத்தான் என்று சொன்னால் கொஞ்சம் மிகை, ரொம்பவும் மிகையில்லை.

அந்த வேலையின் தடம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. பரமக்குடியைத் தாண்டினால் சத்திரக்குடி. உச்சிப்புளிக்குத் தெற்கே கடலோரம் புதுமடம். பிறகு மண்டபம். கடலைக் கடந்தால் அக்காள்மடம், அடுத்து தங்கச்சிமடம். ஒரு வேளை நடைக்கு ஒரு கூரை என்ற கணக்கு. கட்டடங்களில் பல போய்விட்டன. ஊர்களை அழைக்கும் பெயரில் மட்டும் வழிப்போக்கன் இன்னும் தங்கியிருக்கிறான்.

தங்கச்சிமடத்தைப் பற்றி இந்தப் பக்கம் வழிவழியாக ஒரு கதை சொல்வார்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட விஜயரகுநாத சேதுபதியின் மருமகன் தண்டத்தேவர் ராமேஸ்வரம் தீவின் நிர்வாகியாக இருந்தாராம். கடலைக் கடக்க வந்த யாத்திரிகர்களிடம் மன்னருக்குத் தெரியாமல் வரி பிடுங்கினாராம். செய்தி தெரிந்ததும் மன்னர் மருமகனுக்கு மரண தண்டனை விதித்தார். அவரை மணந்திருந்த மன்னரின் இரண்டு மகள்கள், அக்காளும் தங்கையுமாக, உடன்கட்டை ஏறினார்கள். அவர்கள் நினைவாக எழுந்தவையே அந்த இரண்டு மடங்கள். வழிப்போக்கனிடம் காசு பறிப்பது சொந்த மருமகனின் உயிரைக் கேட்கும் குற்றம் என்று நினைத்த ஓர் அரசைக் கதை நமக்குக் காட்டுகிறது. கதை அதற்காகத்தான் சொல்லப்படுகிறது. எனக்கு அதில் வேறொன்றும் உறுத்துகிறது. அரசன் செய்த நீதிக்கு நெருப்பில் இறங்கியவர்கள் இரண்டு பெண்கள். ஊர்ப் பெயரில் அக்காள், தங்கச்சி என்ற உறவுமுறை நிலைத்தது. அவர்களுடைய பெயர் நிலைக்கவில்லை. நம்முடைய அறச்சாலைகளில் பல இப்படித்தான். யாரோ ஒருவர் எரிந்த இடத்தில் யாரோ ஒருவர் இளைப்பாறுகிறார்.

சத்திரம் எப்படி நடந்தது என்பதைச் சொல்ல இந்தச் சாலையை விட்டுக் கொஞ்சம் வடக்கே போகவேண்டும். தஞ்சை மராட்டிய மன்னர்கள், தஞ்சாவூரிலிருந்து ராமேஸ்வரத்துக்குப் போகும் வழி நெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். பலவற்றுக்கு அரண்மனைப் பெண்களின் பெயர். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டியது முத்தாம்பாள் சத்திரம். (அங்கேயாவது பெயர் நின்றது.) சரபோஜிக்கு அப்போது ஆட்சியே கையில் இல்லை. நாட்டைக் கிழக்கிந்தியக் கும்பினியார் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அந்த நிலையில் 1801இல் அவர் கும்பினி அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். கேட்பது ஒன்றுதான்: சத்திரங்களைக் கைவிட்டுவிடாதீர்கள். ஏன் விடக்கூடாது என்று விளக்கவந்தவர், சத்திரத்தின் ஒருநாளை முழுக்க எழுதிவிட்டார்.

பிராமணர் முதல் பறையர் வரை வழியில் வருகிற எல்லாருக்கும் சோறு. சமைத்த சோறு வேண்டாதவருக்கு அரிசியும் பண்டமும். கைக்குழந்தைகளுக்குப் பால். நோயில் விழுந்து மேலே நடக்க முடியாதவருக்கு மருந்தும் பத்தியச் சாப்பாடும், குணமாகும்வரை தங்க இடமும். நோய்க்கும் வீக்கத்துக்கும் விஷக்கடிக்கும் வைத்தியர்கள். வழியில் பெற்றோர் இறந்து தனித்துப்போன பிள்ளைகளுக்கு வாத்தியார். சத்திரத்தில் இறந்துபோகும் அநாதைக்கு அவனவன் சாதி முறைப்படி ஈமக்கிரியை. தமிழில் முப்பத்திரண்டு அறங்கள் என்று ஒரு பழைய பட்டியல் உண்டு. ஆதுலர் சாலை, மகப்பால் வார்த்தல், மகவு வளர்த்தல், அறவைப் பிணம் சுடுதல் என்று அது நீளும். படிக்கும்போது யாரோ புலவர் அடுக்கிவைத்த நல்லெண்ணங்கள் என்றுதான் தோன்றும். சரபோஜியின் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிகிறது, அந்தப் பட்டியலுக்கு அரிசிக் கணக்கும் பால் கணக்கும் இருந்திருக்கின்றன.

கடிதத்தில் ஒரு வரி என்னை விடுவதே இல்லை. சோறு போடுவது நள்ளிரவுவரை நடக்கும். நள்ளிரவில் மணி அடிப்பார்கள். இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரலாம் என்று கூவி அழைப்பார்கள். ஆக்கிய சோறு அவர்களுக்காகக் காத்திருக்கும்.

இதை மெல்ல நினைத்துப் பார்க்கவேண்டும். பசித்தவன் கேட்டால் கொடுப்பது எல்லா ஊரிலும் உண்டு. கேட்டுப் பெற்ற சோற்றில் கேட்டதன் கூச்சமும் கலந்துதான் இருக்கும். கேட்பவன் குனிகிறான், கொடுப்பவன் நிமிர்கிறான். கொடுப்பவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் இதை மாற்ற முடியாது. மணி இதைத் தலைகீழாக்கிவிட்டது. இருட்டில் எங்கோ திண்ணையில் சுருண்டு கிடப்பவனைத் தேடிச் சத்திரமே குரல் கொடுக்கிறது. தேடும் வேலை இப்போது சத்திரத்தினுடையது. அவன் வந்து சாப்பிட்டால், யாரிடமும் இரந்ததாக ஆகாது, கூப்பிட்டார்கள், வந்தான். விருந்துக்கும் பிச்சைக்கும் இடையில் உள்ள வேறுபாடு இலையில் இல்லை. முதலில் வாயைத் திறந்தது யார் என்பதில் இருக்கிறது.

எல்லாச் சத்திரமும் இந்த லட்சணத்தில் நடந்தது என்று நம்பும் அளவுக்கு நான் அப்பாவி இல்லை. நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவருடைய சத்திரத்தில் சோறு வர எவ்வளவு நேரமாகும் என்று காளமேகம் பாடிய வெண்பா தமிழ்நாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரியும். பொழுது சாயும் நேரத்துக்குத்தான் அரிசியே வந்து சேருமாம். பிறகு அதையே புகழ்ச்சியாகவும் திருப்பிப் பொருள் சொன்னாராம். புலவருக்கும் பசிக்கும் அல்லவா? சத்திரத்துச் சாப்பாட்டுக்குத் தாத்தையங்கார் அனுமதியா என்று ஒரு பழமொழியும் இருக்கிறது. பொதுச் சோற்றுக்கு யாரோ ஒருவர் வாசலில் நின்று நாட்டாமை செய்திருக்கிறார் என்பது அதிலிருந்தே விளங்கும். தானம் எழுதிவைத்தவர்களுக்கும் மனிதர்களைத் தெரிந்தே இருந்தது. கிராமங்களைச் சர்வமானியமாக விட்டுக்கொடுக்கும் செப்பேடுகளின் கடைசியில், இந்தத் தர்மத்துக்குக் கேடு செய்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று எழுதியிருக்கும். அந்தச் சாபம் அயலானுக்காக எழுதப்பட்டது என்று நினைக்கவேண்டாம். அயலானுக்கு அந்த நிலத்தில் என்ன வேலை? அது பெரும்பாலும் சொந்தப் பேரனுக்கு எழுதியது.

சத்திரத்தின் பெரிய கோணல் வேறிடத்தில் இருந்தது. யார் வந்தாலும் சோறு. ஆனால் யார் என்று தெரிந்த பிறகு எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பது முடிவாகும். எல்லாருக்கும் போட்டார்கள், எல்லாரையும் ஒரே வரிசையில் உட்காரவைக்கவில்லை. சில சத்திரங்களில் சிலருக்கு வாசலே கிடையாது. 1904 வாக்கில் காசிக்குப் போன ஈ.வெ. ராமசாமி என்ற இளைஞர், பசியோடு ஒரு சத்திரத்து வாசலில் நின்றார். பிராமணருக்கு மட்டும் என்று விரட்டப்பட்டார். தெருவில் எறிந்த எச்சில் இலையிலிருந்து சாப்பிட நேர்ந்தது. அந்தச் சத்திரத்தைக் கட்டிக்கொடுத்தவர் பிராமணரல்லாத தென்னாட்டுச் செல்வர் ஒருவர் என்பது பிறகு அவர் கண்ணில் பட்டது. பின்னாளில் பெரியார் ஆன அவர் அதை வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை. பசியின் வலி சோறு கிடைத்ததும் போய்விடும். வாசலில் கேட்ட கேள்வியின் வலி அப்படிப் போகாது. பேருக்கும் ஊருக்கும் குலத்துக்கும் முன்னால் பசி வருகிறது என்பதை நள்ளிரவு மணி தெரிந்துவைத்திருந்தது. அதே சத்திரத்தின் பகல்நேர வாசற்படி தெரிந்துகொள்ளவில்லை.

இந்தச் சேதுச் சாலையில் யாத்திரிகர் மட்டும் நடக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் இராமநாதபுரம் சீமையிலிருந்தும் மற்ற வறண்ட சீமைகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் போனார்கள். இந்தக் கரையில் தோணி ஏறி மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தவர்கள் அவர்கள். வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் செத்தவர்கள் பலர். கையில் கங்கைச் செம்பு இருந்தவனுக்குச் சத்திரம் காத்திருந்தது. ஆள் சேர்க்கும் கங்காணியின் பின்னால் மண்வெட்டி பிடிக்கப் போனவனுக்காக யாரும் செப்பேடு வெட்டவில்லை. அவனுக்காகக் கடைசியில் கட்டப்பட்டது, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மண்டபம் முகாம். நோய் பரவாமல் தடுக்க, தோட்டத்துக்குப் போகிறவர்களை நிறுத்திவைத்துப் பார்த்து அனுப்பும் இடம். அங்கேயும் கூரை இருந்தது, சோறு இருந்தது, மருந்து இருந்தது. ஆனால் உள்ளே வருவது அவன் விருப்பம் இல்லை, வெளியே போவதும் இல்லை. உச்சிப்புளியைத் தாண்டிய ஒரே சாலையில் ஒருபுறம் சத்திரம், ஒருபுறம் முகாம். நாடு தன் வழிப்போக்கர்களை இரண்டாகப் பிரித்து வைத்திருந்ததை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. அந்த முகாமில்தான் இன்று இலங்கையிலிருந்து வந்த அகதிகள் இருக்கிறார்கள். 2022இல் இலங்கையில் விலைவாசி தாங்காமல் குழந்தை குட்டிகளோடு படகேறி வந்து தனுஷ்கோடி மணலில் இறங்கியவர்களையும் அங்கேதான் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

சத்திரம் எப்படி முடிந்தது? தர்மசிந்தனை குறைந்துவிட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1795இல் முத்துராமலிங்க சேதுபதியைக் கும்பினியார் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். பிறகு சீமை ஜமீன் ஆயிற்று. மானியங்களுக்கு வேறு கணக்குகள் வந்தன. இது ஒரு காரணம். பெரிய காரணம் ரயில். 1902இல் மதுரையிலிருந்து மண்டபம் வரை தண்டவாளம் வந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் ரயில் கடலைத் தாண்டித் தனுஷ்கோடி வரை போயிற்று. வாரக்கணக்கில் நடந்த வழியை ஒரு ராத்திரித் தூக்கத்தில் கடந்துவிடலாம் என்றான பிறகு, வேளைக்கு ஒரு சத்திரம் யாருக்கு வேண்டும்? 1988இல் சாலைப் பாலமும் வந்தது. 2025 ஏப்ரலில் பழைய ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் புதிய பாலம் திறந்தார்கள். ஒவ்வொரு பாலமும் யாத்திரிகனின் பாடுகளைக் குறைத்தது. ஆகவே பழைய நடையை நினைத்து ஏங்குவதில் நியாயமே இல்லை. பேதியில் சாகாமல் ராமேஸ்வரம் போய்ச் சேருவதைவிடப் பெரிய புண்ணியம் எந்தச் சத்திரத்திலும் கிடைத்திருக்காது.

போனது என்ன என்பதை மட்டும் சரியாகச் சொல்லவேண்டும். வழிப்போக்கன் வாடிக்கையாளன் ஆனான். லாட்ஜில் அவனுக்குச் சத்திரத்தைவிட நல்ல படுக்கை, சுத்தமான குளியலறை. சாதி கேட்கும் நாக்குக்கு அங்கே பெரும்பாலும் வேலை இல்லை, காசு போதும். இது சிறிய முன்னேற்றமும் அல்ல. ஆனால் காசில்லாதவனுக்கு அந்த வாசலில் உரிமை கிடையாது. சத்திரத்தில் அவனுக்கு இருந்தது. இரக்கத்தால் கிடைத்த இடமாக அவன் அதை நினைக்கவேண்டியதில்லை. அது அவனைப் போன்றவனுக்கென்றே எழுதிவைத்த இடம். கட்டியவன் செத்து நூறாண்டு ஆகியிருக்கும். சாப்பிடுகிறவன் மறுநாள் காலையில் போய்விடுவான், திரும்பி வரமாட்டான். ஒருவரையொருவர் பார்க்கவே முடியாத இரண்டு பேருக்கு நடுவில் நடந்த கொடுக்கல் வாங்கல் அது. நன்றி சொல்லக்கூட ஆள் இல்லாத கொடை. எனக்குத் தெரிந்தவரை மனிதன் மனிதனுக்குச் செய்யக்கூடியதில் இதுதான் உச்சம். தன் பிள்ளைக்கும் தன் ஊர்க்காரனுக்கும் செய்வது அன்பு. பெயர் தெரியாத, திரும்பி வராத ஒருவனுக்காகக் கிணறு வெட்டிவைப்பதற்கு அன்பைத் தாண்டிய ஏதோ ஒன்று வேண்டும். அவனுக்கு இது பாத்தியம் என்ற ஒப்புதல் வேண்டும்.

அந்த ஒப்புதல் சத்திரத்தோடு செத்துப்போகவில்லை என்பதற்குச் சாட்சியாக மறுபடியும் ஒரத்தநாட்டைத்தான் சொல்லவேண்டும். மன்னர் பரம்பரை முடிந்த பிறகு அந்தச் சத்திரங்களின் சொத்து அரசுக்கும், பின்னர் ஜில்லா போர்டுக்கும் போயிற்று. வழிப்போக்கர் குறைந்தார்கள், சத்திரப் பணத்தில் கல்விக்கூடங்களும் மாணவர் விடுதிகளும் நடந்தன. ஆனால் விடுதிச் சோறு நெடுங்காலம் ஒரு சாதிப் பிள்ளைகளுக்கே வார்க்கப்பட்டது. 1920களில் ஜில்லா போர்டின் தலைவராக வந்த ஏ.டி. பன்னீர்செல்வம் அதை உடைத்தார். ஒரத்தநாடு, ராசாமடம் விடுதிகளில் மற்றச் சாதிப் பிள்ளைகளும் இலை போட்டு உட்கார்ந்தார்கள். சமஸ்கிருதத்துக்கு மட்டும் இருந்த திருவையாற்று அரசர் கல்லூரியில் தமிழும் நுழைந்தது. சரபோஜியின் அரிசி விடுதியிலும் சரபோஜியின் கடிதத்தில் இருந்தபடி எல்லாருக்கும் ஆனது. நூற்றிருபது ஆண்டு தாமதம். காத்தான் சத்திரம் தோற்றது.

பிறகு 1950களில் காமராசர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொண்டுவந்தார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். இப்போது காலை உணவும் சேர்ந்திருக்கிறது. சத்திரத்தின் வாரிசு யார் என்று கேட்டால் பலர் ராமேஸ்வரத்து லாட்ஜைக் காட்டுவார்கள். நான் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தைத்தான் காட்டுவேன். நேரம் வந்தால் மணி அடிக்கிறது. யாரும் போய்க் கேட்கவேண்டியதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தால் போதும். சமைக்கும் அம்மாவின் சாதியைக் காரணமாக்கிப் பிள்ளையைச் சாப்பிடவிடாத பெற்றோர் சில ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். பழைய வாசற்படி அவ்வளவு சீக்கிரம் இடியாது. ஆனாலும் அந்த வரிசை நிற்கிறது.

பிள்ளைகளுக்குக் கிடைத்தது சாலைக்கு இன்னும் கிடைக்கவில்லை. உச்சிப்புளி வழியாக இன்றும் நடந்து வருகிறவர்கள் உண்டு: வடநாட்டுச் சாதுக்கள், வேண்டுதலுக்காக நடப்பவர்கள், பேருந்துக்குக் காசில்லாதவர்கள். தகிக்கும் தார்ச்சாலையில் அவர்களுக்கு நிழல் என்று இருப்பது பேருந்து நிறுத்தத்துக் கூரைதான். இராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில் இரண்டு இடத்தில் ஒரு கூரை, ஒரு குடிநீர்க் குழாய், ஒரு கழிப்பறை, படுக்க ஒரு திண்ணை போதும். அடையாள அட்டை கேட்காத, பூட்டு இல்லாத இடங்கள். புதிய கடல்பாலம் கட்டிய நாட்டுக்கு இது ஒரு செலவே இல்லை. ஊராட்சிகள் செய்யலாம், அறநிலையத் துறை செய்யலாம், ஆண்டுதோறும் அன்னதானம் போடும் செல்வர்கள் ஒருமுறை இதற்குக் கொடுக்கலாம். கட்டினால் சுவரில் கொடுத்தவர் பெயரைப் பெரிதாக எழுதிக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. வருகிறவரின் பெயரை மட்டும் கேட்காதிருக்கவேண்டும்.